பெயர் எழுதாத படங்கள்

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்வோர், தேயிலை மலைகளுக்கு நடுவே புனித மரியாளின் பெயரால் அமைந்த சிறிய தேவாலயம் ஒன்றைக் காண்பர். அதன் முற்றத்தில் கணவனும் மனைவியுமாக இருவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கணவர் சாள்ஸ் ஹே கமரன். இலங்கைச் சரித்திரம் படித்த எவரும் அப்பெயரைக் கோல்புறூக் ஆணைக்குழுவோடு சேர்த்து அறிவர். மனைவி ஜூலியா மார்கரட் கமரன். உலக நிழற்படக் கலையின் வரலாற்றை எழுதப் புகுந்த எவரும் இவ்வம்மையாரை விட்டு எழுதியதில்லை. கமரன் என்ற குடும்பப் பெயரும் கமரா என்ற கருவியின் பெயரும் ஒலியில் நெருங்கி நிற்பது தற்செயலே. ஆயினும் அந்த ஒற்றுமை இவ்வம்மையார் விடயத்தில் மிகப் பொருத்தமாக வாய்த்துவிட்டது.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள், டிக்கோயாவிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்து பங்களாவில் உயிர் நீத்தார். அன்று இரயில் பாதை நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது; அது அட்டனை எட்டியது 1884-இல். மலைகளில் அன்று பரந்திருந்தது தேயிலையுமன்று. கோப்பிச் செடிகள் நோயுற்று வாடிக்கொண்டிருந்த காலம் அது. கல்கத்தாவிற் பிறந்து, பிரான்சிற் கல்வி பயின்று, இங்கிலாந்திற் புகழ் பெற்ற ஒரு பெண்மணி தம் இறுதி நாட்களுக்கு இம்மலையை ஏன் நாடினார் என்பதை அறியக் கணவரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

சாள்ஸ் கமரன் 1830-இல் ஆணைக்குழு உறுப்பினராக இலங்கைக்கு வந்தார். நீதிமன்றங்களைப் பற்றிய அறிக்கை அவர் எழுதியது. ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்க வேண்டுமென்ற பரிந்துரை கோல்புறூக் எழுதியது. இரண்டும் சேர்ந்து 1833-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் என வழங்கலாயின. கட்டாய ஊழியம் போயிற்று. ஆனால் அடுத்த பத்தாண்டுகளிற் காடழித்துக் கோப்பி நட்ட துரைமாருக்குக் கூலிக்கு ஆள் வேண்டியிருந்தது. கண்டிய விவசாயி தன் வயலை விட்டுத் தோட்டத்துக்கு நிரந்தரமாக வர விரும்பவில்லை. ஆகவே கடலுக்கு அப்பால் தமிழ் நாட்டைப் பார்த்தனர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். கண்டிச் சீமை என்ற பேர் தமிழகக் கிராமங்களில் பரவியது. இராமேசுவரத்துக் கரையிலிருந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்து, எஞ்சியோர் மலையேறினர். கமரனும் மற்றோரைப் போல மலைநாட்டில் நிலம் வாங்கினார். டிம்புலப் பகுதியின் பெயரையே பின்னர் இங்கிலாந்தில் வைட் தீவிலிருந்த தம் வீட்டுக்குச் சூட்டினர். டிம்போலா என்ற அவ்வீட்டுப் பலகை, அங்கு வந்த கவிஞரும் ஓவியரும் அறியாத ஒரு மலையின் பெயரைத் தாங்கி நின்றது.

ஜூலியாவும் சாள்சும் 1838-இற் கல்கத்தாவில் மணம் புரிந்தனர். அவர் இவரினும் இருபது வயது மூத்தவர். பத்து ஆண்டுகளின் பின் இங்கிலாந்து சென்று குடியேறினர். 1863-ஆம் ஆண்டு திசம்பர் மாதம், கணவர் கோப்பித் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தபோது, தனிமையிலிருந்த தாய்க்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அதுவரை அக்கருவியைத் தாமாகக் கையாண்டு பழகியவரல்லர். அடுத்த சனவரியிலேயே, ஆனி என்னும் ஓர் அயற்சிறுமியின் படத்தைத் தம் முதல் வெற்றி என்று எழுதிவைத்துக்கொண்டார். கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. முட்டையிட்டு வந்த கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது என்றும், அவை உண்ணப்படவில்லை என்றே நம்புவதாகவும் அம்மையார் பின்னர் வேடிக்கையாகக் குறித்துள்ளார்.

பொழுதுபோக்கு என்று கூறிய மாத்திரத்தில் எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. அக்காலத்து நிழற்பட முறை ஈரத்தட்டு முறை எனப்படும். முதலில் ஒரு கண்ணாடித் தட்டைத் துகளின்றித் துடைக்க வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்துச் செய்த கொலோடியன் என்னும் பசையை அதன்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஒரே சீராக ஓடும்படி தட்டைக் கையாற் சாய்த்துத் திருப்ப வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் தட்டுக்கு ஒளியை உணரும் ஆற்றல் வரும். தட்டு காயுமுன் அதைக் கமராவிற் செருகி, ஆளை நிறுத்தி, வில்லையின் மூடியைத் திறந்து, போதிய ஒளி விழுந்தபின் மூடி, மீண்டும் இருட்டறைக்கு ஓட வேண்டும். சிறிது தாமதித்தால் தட்டு உலர்ந்து படம் பாழாகும். பின்பு உருத்துலக்கி, நிலைப்படுத்தி, மெருகெண்ணெய் பூசி, வெயிலில் வைத்து முட்டை வெண்கரு பூசிய தாளிற் பதித்து, குடங்குடமாகக் கிணற்று நீர் விட்டு அலச வேண்டும். வெள்ளிக் கரைசல் பட்ட இடமெல்லாம் கறுத்துப் போகும். அம்மையாரின் விரல்களும் ஆடைகளும் வீட்டு மேசை விரிப்புகளும் அக்கறையைத் தாங்கின. இதைச் செய்தவர் கூலிக்குப் படம் எடுப்பவரல்லர். ஒரு பெரிய வீட்டுத் தலைவி.

இம்முறையில் மிகக் கடினமானது அமர்ந்திருப்பவரின் பாடே. பெரிய தட்டும் மங்கலான ஒளியும் வைத்துக்கொண்ட அம்மையாருக்குப் படம் ஒன்றுக்குச் சில நிமிடங்கள் வரை வேண்டியிருந்தன. அத்தனை நேரமும் அசையாதிருக்க வேண்டும். தொழில்முறைப் படக்காரர் இதற்காகத் தலையின் பின்னால் இரும்புப் பிடி ஒன்றை வைத்து இறுக்குவது வழக்கம். அம்மையார் அந்தப் பிடியை நாடவில்லை. முகம் சற்றே அசையும், மூச்சு வரும், கண்ணிமை துடிக்கும். அவையெல்லாம் தட்டில் விழுந்து கோடுகளை மென்மையாக்கின. வில்லையைக் கூர்மைக்கு மேலும் திருப்பாமல், கண்ணுக்கு அழகு தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாக அம்மையாரே எழுதியிருக்கிறார். சில வேளைகளில் எதிர்ப்படத் தட்டின் பசையை ஊசியாற் கீறிக் கோடு வரைந்தார். இரு தட்டுக்களை இணைத்து ஒரு படம் செய்தார். வெடித்த தட்டையும் கைவிரற்பதிவு விழுந்த தட்டையும் எறியாமல் அச்சிட்டார். தூரிகையால் ஓவியன் செய்வதைக் கண்ணாடியிலும் ஒளியிலும் செய்து பார்த்த சோதனைகள் இவை. தொழில் தெரிந்தோர் நகைத்தனர். நிழற்படச் சங்கத்தின் ஏடு, பிறர் மறைக்கும் குறைகளை இவர் காட்சிக்கு வைக்கிறார் என்னும் கருத்துப்படத் திட்டியது. தென் கென்சிங்டன் நூதனசாலையின் தலைவர் ஹென்றி கோலோ 1865-இலேயே இப்படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 1868-இற் படம் பிடிப்பதற்கென நூதனசாலையில் இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தார். சங்கத்து வல்லுநரின் பெயர்களை இன்று தேடித்தான் அறிய வேண்டும்.

அம்மையாரின் ஆர்வத்துக்கு வித்திட்டவர் வானியல் அறிஞர் சர் ஜோன் ஹேர்ஷல். இருவரும் 1836 அளவில் ஆபிரிக்காவின் தென்முனையிற் சந்தித்தனர். நிழற்படக் கலை 1839-இற் பிறந்தபோது அச்செய்தியை எழுதி அனுப்பியவரும், சில மாதிரிகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பியவரும் அவரே. படம் மங்காமல் நிலைத்து நிற்பதற்கான இரசாயனத்தின் இயல்பைக் கண்டவரும் அவரே. 1867-இல் அவரைப் படம் எடுக்கச் சென்ற அம்மையார், முதியவரின் வெண்தலைமயிரைக் கழுவிச் சிலிர்க்கச் செய்த பின்னரே கமராமுன் அமர்த்தினாராம்.

இந்த ஹேர்ஷலைப் பற்றிக் கணித அறிஞர் பாபேஜ் கூறும் கதை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. ஒரு நாள் உணவுக்குப்பின் ஹேர்ஷல், ஒரு சில்லிங் நாணயத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே காண்பது எங்ஙனம் என்று கேட்டார். பாபேஜ் கண்ணாடிமுன் பிடிக்கலாம் என்றார். ஹேர்ஷல் நாணயத்தை மேசைமேற் சுழலவிட்டுக் கண்ணை அதன் மட்டத்திற் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னார். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், வட்ட அட்டையின் ஒரு பக்கம் பறவையும் மறு பக்கம் கூடும் வரைந்து நூலிற் கோத்துச் சுழற்றினார்; பறவை கூட்டினுள் அமர்ந்தது. 1825 அளவில் இலண்டன் கடைகளில் இவ்விளையாட்டுப் பொருள் விலைபோயிற்று. அசையாத இரு சித்திரங்களை விரைந்து மாற்றினால் மனம் அவற்றை ஒன்றாக இணைத்துக்கொள்கிறது என்னும் இவ்வுண்மையே, பிற்காலத்துச் சித்திரப் படங்களுக்கும் திரைப்படங்களுக்கும் அடிப்படையாயிற்று.

அம்மையாரின் கலைக்கும் இதற்கும் ஒரு விந்தையான தொடர்புண்டு. இவர் ஓர் ஆளின் பல நிமிட வாழ்வை ஒரே தட்டில் அடக்கினார். பின்னாளில் இன்னொருவர் இதைத் தலைகீழாகச் செய்தார். அவர் தாதாசாகெப் பால்கே. ஓவியமும் நிழற்படமும் பயின்ற அவர், 1912-இல் இலண்டனிலிருந்து கமரா வாங்கி வந்ததும், முதலில் நாடகமோ புராணமோ எடுக்கவில்லை. ஒரு தொட்டியிற் பட்டாணி விதையை ஊன்றி, கமராவை அதன்முன் அசையாது நிறுத்தி, நாளொன்றுக்குச் சிறிதாக ஒரு மாத அளவு படம் எடுத்தார். திரையில் ஓடவிட்டபோது விதை முளைத்து, கொடி எழுந்து, ஒரு நிமிட அளவிற் படர்ந்தது. அப்படத்தைக் கண்டு வியந்த நண்பரின் பண உதவி கொண்டே அவர் மேலே சென்றார். 1915-இல் தீக்குச்சிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி நிறுத்திப் படம்பிடித்து, அவை தாமே நடமாடுவது போலக் காட்டினார். ஸ்டாப் மோஷன் என்று இன்று வழங்கும் முறை இதுவே. கண்ணாடிக் கூடத்து அம்மையாருக்கும் தீக்குச்சி அடுக்கிய பால்கேக்கும் பொதுவான முதல் ஒன்றுண்டு, அது பொறுமை. வேறுபாடு, தீக்குச்சிக்குக் கால் வலிக்காது என்பதே.

அம்மையார்முன் அசையாது அமர்ந்தவர் யாவர்? தெனிசன், டார்வின், கார்லைல், பிரௌனிங். இவர்களைப் பற்றி உலகம் அறியும். வீட்டுப் பணிப்பெண்களும் அமர்ந்தனர். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் கன்னி மரியாளாக அத்தனை முறை வேடந் தாங்கியதால், ஊரார் மடோனா மேரி என்றே அழைத்தனர். மேரி ரையன் கதை இன்னும் சுவையானது. தாயோடு பிச்சை கேட்டு நின்ற ஐரிஷ் சிறுமியை அம்மையார் வீட்டிற் சேர்த்து வளர்த்தார். படக் காட்சியில் அப்பெண்ணின் உருவத்தைக் கண்ட ஓர் இளைஞர், நேரில் வந்து கண்டு, 1867-இல் மணந்துகொண்டார். அவர் ஹென்றி கொட்டன். இந்திய சிவில் சேவையில் உயர்ந்து அசாமின் ஆட்சித் தலைவராகி, ஓய்வுபெற்ற பின் 1904-இற் பம்பாயில் நடந்த இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். பிச்சைக்கு நின்ற சிறுமியேயானாலும், அம்மையாரின் படத்தடியில் அவளுக்குப் பெயர் இருந்தது. பெயரிருந்ததால் வரலாறும் இருந்தது.

1869-இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளின் இலையடியில் ஆரஞ்சு நிறத் தூள் போன்ற பூஞ்சணம் காணப்பட்டது. அவ்வாண்டுகளிற் கமரன் குடும்பத்தின் செல்வமும் தேய்ந்து வந்தது. அம்மையார் படங்களைக் காட்சிசாலையிற் கொடுத்து விற்றும், நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பதிப்புரிமை பதிந்தும் பார்த்தார். பொழுதுபோக்கு, வருவாய்க்கும் வழி தேட வேண்டியதாயிற்று. கமராவைக் கொடுத்த மகள் 1873-இற் பிள்ளைப்பேற்றில் இறந்தாள். இலங்கையிலே ஆண்மக்கள் சிலர் இருந்தனர். எண்பது வயதான கணவர் இலங்கையையே கனாக் கண்டுகொண்டிருந்தார். 1875-ஆம் ஆண்டு ஒற்றோபரிற் கப்பலேறினர். இலங்கையில் நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ என்னவோ என்று இரண்டு பெட்டிகளைச் செய்வித்து, போகும்போது வெறுமையாகப் போகலாகாது என்று அவற்றுட் பீங்கான்களையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் அடுக்கிக் கொண்டு சென்றனர் என்று கூறுவர். இல்லறத் தலைவியின் சிக்கனத்துக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அரசாங்க உத்தியோகத்திலிருந்த மகன் ஹார்டிஞ்சோடு களுத்துறைக் கடற்கரையிலும், மலைத் தோட்டங்களிலுமாக அவர்கள் காலங் கழித்தனர். வெப்பநாட்டில் ஈரத்தட்டு முறை பெரும் சோதனை. ஈதர் விரைவில் ஆவியாகும். தட்டு இருட்டறை வாசலைத் தாண்டுமுன் காயும். இரசாயனங்களைக் கடல் கடந்து தருவிக்க வேண்டும். அலசுவதற்குத் தூய நீர் வேண்டும். இத்தனைக்கும் மத்தியில் அம்மையார் படம் எடுத்தார். ஆயினும் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. இங்கிலாந்தில் எடுத்தவை ஆயிரத்தை நெருங்கி நிற்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

அக்காலத்து வாழ்வை நேரிற் கண்டு எழுதியவர் மரியான் நோர்த் என்னும் ஓவியர். மலர்களையும் மரங்களையும் எழுதுவதற்காக உலகைச் சுற்றி வந்த அவர், 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் களுத்துறை வீட்டிற் சில நாள் தங்கினார். சுவரெங்கும் படங்கள் நிறைந்து கிடந்தன என்றும், முயலும் அணிலும் மைனாவும் வீட்டினுள் உலாவின என்றும், வாயிலில் ஒரு மான் காவல் நின்றது என்றும் எழுதுகிறார். உச்சி வேளை வெப்பத்தில் இவரைப் போர்வையாற் போர்த்தி, கூந்தலை அவிழ்த்து, தலைக்குப் பின் தென்னோலைகள் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இரும் என்று அம்மையார் பணித்தாராம். நோர்த் இதனை நகைச்சுவையோடு எழுதுகிறார். எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அதே பக்கங்களில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊர்க்காரர் ஒருவரின் முதுகின் அழகைக் கண்டு மயங்கிய அம்மையார், அவரைத் தோட்டக்காரராக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினார். வீட்டிலோ தோட்டமே இல்லை. அந்த முதுகுக்கு உரியவர் தம்மைப் பற்றி என்ன எண்ணினார் என்பதை எந்நூலும் கூறவில்லை.

எஞ்சிய படங்களில் உள்ளவர் பெரும்பாலும் அந்நாட்டின் எளிய மக்கள். இளம்பெண்கள், முதியவர், அரையில் துணி சுற்றிய ஆடவர். அவர்களுட் சிலர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என்று ஆய்வாளர் கருதுவர். அம்மையார் அவர்களை மடோனாவாகவோ இராணியாகவோ வேடமிடவில்லை. குவிந்த கண்களோடு, சில வேளை முகம் சுளித்து, அவர்கள் கமராவை நேராகப் பார்க்கிறார்கள். அக்கால வணிகப் படக்காரர் பலர் இலங்கை மக்களைச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் மாதிரிப் பொருளாக நிறுத்தி அஞ்சலட்டை போன்று விற்றபோது, இப்படங்களில் ஒரு முகத்துக்குரிய கனம் இருக்கிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அடியில் எழுதியிருப்பதோ, பெண், இலங்கை என்ற அளவே. நிமிடக் கணக்கில் மூச்சடக்கி நின்றவர்களுள் ஒருவரது பெயரையும், பணிப்பெண்ணின் பெயரைக்கூட மறவாது எழுதிய அந்தக் கை எழுதவில்லை.

அவர்கள் இங்கு வந்த காலத்தை எண்ணினால் இம்மறதியின் கனம் மிகும். 1876-இல் தமிழகத்தில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் பாட்டிகள் சொல்லும் பெரும் பஞ்சம் 1878 வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் உயிர் பிழைக்க வேண்டி மக்கள் இலங்கைக்குத் திரளாக வந்தனர். அம்மையார் தட்டுகளுக்குப் பசை ஊற்றிய அதே மாதங்களில் மன்னார்ப் பாதையில் குடும்பங்கள் நடந்துகொண்டிருந்தன. படத்திலுள்ள இளம்பெண் அப்பாதையில் வந்தவளா, இங்கேயே பிறந்தவளா என்பதைச் சொல்லப் பெயரும் ஊரும் வேண்டும்.

மலைநாட்டுத் தோட்டங்களில் பேர் என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் ஒன்று உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குச் சென்று, நாள் முழுதும் வேலை முடித்தவருக்கு அன்று ஒரு பேர் விழும். வேலை குறைந்தால் அரைப் பேர். இம்மாதம் எத்தனை பேர் என்று ஒருவரை ஒருவர் கேட்டால், எத்தனை நாட் சம்பளம் என்பது கருத்து. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவோர் கையிற் கொண்டுபோன துண்டிலும் பேர் இருந்தது, கடன் தொகையோடு சேர்ந்து. அத்துண்டு முறை 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆக, இம்மக்களுக்குப் பேர் இல்லாமல் இல்லை. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் நாள் தவறாமல் எழுதப்பட்டு வந்தது. உழைப்பை அளக்கும் இடத்தில் எழுதிய பேர், அழகை அளந்த இடத்தில் எழுதப்படவில்லை. அம்மையாரை மட்டும் இதற்குக் குறை கூறுவது நியாயமன்று. அவர் காலத்து எசமானர் எவருக்கும் அந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை. அவருக்கோ முகத்தையேனும் பார்க்கத் தோன்றியது.

அரை நூற்றாண்டுக்குப் பின் மலைக்கு இன்னொரு கமரா வந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருளுதவியால் பசில் றைட் எடுத்த இலங்கைப் பாட்டு என்னும் படம் 1934-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு பிரசெல்சிற் பரிசு பெற்றது. கொழும்புக் கலைஞர் லயனல் வெண்ட், 1681-இல் ரொபட் நொக்ஸ் எழுதிய நூலிலிருந்து பகுதிகளைப் படிக்க, திரையில் உருவங்கள் நகர்ந்தன. இம்முறை எவரும் மூச்சடக்கி நிற்க வேண்டியிருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடை சுமந்து மலைச்சரிவில் நடந்தனர். சந்தை விலைகளைச் சொல்லும் குரல்கள் அவர்கள்மேல் ஒலித்தன. படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்கியவர், உதவியவர், இசையமைத்தவர் எல்லாரும் இடம்பெற்றனர். கொழுந்து பறித்தவர் இடம்பெறவில்லை.

1878-இல் அம்மையார் சிறிது காலம் இங்கிலாந்து சென்று மீண்டார். திரும்பி வந்து மலைக்கு ஏறிய சில மாதங்களில் நோயுற்றார். கிளென்கேர்ன் வீட்டின் சாளரத்தில் மாலை வானத்தை நோக்கியபடி அழகு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் கண்மூடினார் என்பது குடும்பத்தாரிடை வழங்கும் செய்தி. அடுத்த ஆண்டு கணவரும் மறைந்து அருகே அடக்கமானார். 1926-இல், அம்மையாருடைய தமக்கை தங்கையர் வழிவந்த பேத்தி முறையினரான எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ப், அம்மையாரின் படத் தொகுப்பு ஒன்றை முன்னுரை எழுதி வெளியிட்டார். புகழ்பெற்ற ஆடவரும் அழகிய மகளிரும் என்று அத்தொகுப்புக்குப் பெயர்.

அத்தொகுப்பின் பெயருள் அடங்காத படம் ஒன்று 1878 அளவில் இலங்கையில் எடுக்கப்பட்டது. களுத்துறைக் குடியானவர் குழு என்பது அதன் தலைப்பு. கமராவை விட்டு முகந்திருப்பாத ஒரு சிறுமி. பக்கத்தில் ஒரு முதியவர். எடுத்தவர் வழக்கத்துக்கு மாறாக இம்முறை சற்று நீளமாகவே குறித்துள்ளார். பெண்ணுக்கு 12 வயது. முதியவர் தாம் அவளுடைய தந்தை என்றும், தமக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், கிழவர் சொன்ன கணக்கில் ஐயம் தோன்ற அதையும் புன்னகையோடு குறித்திருக்கிறார். அக்குறிப்பு அங்கே முடிகிறது.